மூன்றாம் மாடி இருமல்

அன்றைக்கு முதலில் தும்மியது நான்தான். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்குப் பிறகு இரண்டாம் மாடியில் மேக்னா தும்மினாள், அவள் மாமியார் தும்மினாள். கடைசியாக மூன்றாம் மாடியில் சான்யால் மேஷோ, நம் கணக்கில் பெரியப்பா மாதிரி, இருமத் தொடங்கினார். அவர் இருமல் எனக்கு அத்துப்படி. முதலில் அடுத்தடுத்து மூன்று சின்ன இருமல், பிறகு மூச்சை இழுத்து ஒரு நீள இருமல், முடிவில் "ஹே ஹோரி" என்று, ஹரியைக் கூப்பிட்டு, ஒரு பெருமூச்சு. ஹோரி வந்துவிட்டால் அடுத்த அரைமணி நேரத்துக்குள் எனக்கு ஒரு புகார்க் கடிதம் வரும்.

எனக்கு ஏன் வரும் என்றால், எங்கள் பில்டிங் கமிட்டிக்கு நான் செகரட்டரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் நடந்த மீட்டிங்கில் கையில் பேனா வைத்திருந்தது நான் ஒருத்திதான். அந்தக் குற்றத்துக்காக இந்தப் பதவி. பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஊரார் இழப்பை எழுதுகிறேன், வீட்டுக்கு வந்தால் தண்ணீர் மோட்டாரையும் செருப்பு அலமாரியையும் பற்றி எழுதுகிறேன்.

ஆனி மாதக் கடைசி. கொல்கத்தாவில் எங்கள் பெஹாலா பக்கம் மூன்று நாளாக விடாத மழை. எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்ததால் மிளகாய் நெடிக்குப் போகப் போக்கிடம் இல்லை, படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் மாடியில் எனக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

எதிர் வீட்டில் இருப்பது மருதமுத்து குடும்பம். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். மருதமுத்து கிடர்பூர் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி நீலாவதி. ஒரே மகன் மகேஷ் அதே துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்கிறான். அவன் மனைவி கவிதா கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். தாயில்லாப் பெண், ஒரு அண்ணன் மட்டும் உண்டு. அதனால் பிரசவம் இங்கேயே என்று முடிவாகியிருந்தது. அப்போது ஐந்தாம் மாதம்.

கதவைத் திறந்தது நீலாவதி அம்மாள். கையில் கரண்டி, முகத்தில் பாதி முந்தானை. கவிதா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மகேஷின் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு, உள்ளே அடுப்புக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தே, இன்னும் ரெண்டு பெரட்டு பெரட்டுங்க. கருகல் வாசம் வரக்கூடாது."

"எனக்கு வாசமே தெரியல தாயி. கண்ணுதான் காந்துது."

"எனக்குத் தெரியுது அத்தே. இப்ப எறக்குங்க. இப்ப, இப்ப!"

"கவிதா, என்னடிம்மா இது? பில்டிங்கே தும்மறது" என்றேன்.

"மாதங்கிக்கா, உக்காருங்க. பிசினஸ் ஸ்டார்ட் பண்ணிட்டேன்."

அவள் அதைச் சொன்ன தோரணையில் எனக்குத் தும்மல் நின்றுவிட்டது.

ஒரு மாதம் முன்புவரை அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிசப்ஷனில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் இனிக்க இனிக்கப் பேசி, "டெலிவரி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை அவள் நாற்காலியில் வேறொரு பெண். அழவில்லை. ஆனால் ஒரு வாரம் பாத்திரங்களை எல்லாம் சத்தமாகக் கழுவினாள், எனக்குக் கேட்டது.

பொடி வந்த கதை வேறு. ஒவ்வொரு சித்திரையிலும் நீலாவதி அம்மாளின் தம்பி ஊரிலிருந்து ஒரு டின் சாம்பார்ப் பொடி ரயிலில் அனுப்புவார். இந்த வருஷம் டின்னைத் திறந்ததும் கவிதா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். பினாயில் வாசம் அடிக்கிறது என்றாள். மற்ற மூன்று பேரும் மாறி மாறி மோந்து பார்த்தார்கள், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கடைசியில் டின்னின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த ஈர அட்டையைக் கிழித்து மோந்தபோதுதான் மருதமுத்து, "ஆமா. லேசா" என்றார். மசக்கையில் அவளுக்கு மூக்கு அப்படி ஆகிவிட்டிருந்தது. கடுகெண்ணெய் காய்ந்தால் தெருமுனையிலிருந்தே தெரிந்துவிடும். கொல்கத்தாவில் இருந்துகொண்டு கடுகெண்ணெய் ஆகாது என்றால் மனுஷி எப்படி வாழ்வது?

ஆனால் அதே மூக்குதான் மல்லி எந்த நொடியில் வறுபடுகிறது, துவரம்பருப்பு எப்போது பச்சை வாசம் விடுகிறது என்று சொல்லிக் கொடுத்தது. அவளாக வறுத்து, சந்து மாவு மில்லில் மிளகாய் மஞ்சள் அரைக்கும் வியாழக்கிழமையில் கொடுத்து அரைத்து வந்த பொடியில் நீலாவதி அம்மாள் சாம்பார் வைத்தாள். மருதமுத்து இரண்டாம் தடவை சோறு கேட்டார். அந்த வீட்டில் அது பெரிய விருது.

பருப்புப்பொடியை ஒரு கிண்ணத்தில் மேக்னாவுக்குக் கொடுத்தார்கள். மேக்னா பள்ளிக்கூட டீச்சர், சோற்றில் பிசைந்து சாப்பிட அவளுக்குத் தோன்றவில்லை. முரியில், அதாவது நம் பொரியில், கடுகெண்ணெய் ஊற்றி, வெங்காயம் நறுக்கிப் போட்டு, இந்தப் பொடியைத் தூவிக் குலுக்கித் தின்றிருக்கிறாள். தின்றதோடு நில்லாமல் ஸ்டாஃப் ரூமுக்கும் கொண்டு போனாள். மறுநாள் இருபது பாக்கெட் கேட்டு வந்து நின்றாள்.

"மேக்னாக்கா, பொரியிலயா? கடுகெண்ணெய் ஊத்தியா?" என்று கேட்டுவிட்டுக் கவிதா மறுபடி குளியலறைக்கு ஓடினாள்.

அடுத்து டாலிகஞ்சில் ஸ்டுடியோ பக்கம் டிபன் மெஸ் வைத்திருக்கும் பட்டாபி. மகேஷ் கொடுத்த மாதிரிப் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, துர்கா பூஜைக் கூட்டத்துக்காக மகாளயத்துக்கு முன் பன்னிரண்டு கிலோ சாம்பார்ப் பொடி வேண்டும், சரியாக வந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்தப் பன்னிரண்டு கிலோவின் முதல் வறுவல்தான் அன்றைக்கு எங்களைத் தும்ம வைத்தது.

"அக்கா, இது ஒண்ணு நின்னுருச்சுன்னா போதும். புள்ள பொறந்தப்புறம் யார் முன்னாடியும் போயி எனக்கு வேலை குடுங்கன்னு நிக்க வேணாம். தொட்டில் இந்தப் பக்கம், அடுப்பு அந்தப் பக்கம். என்ன சொல்றீங்க?"

என் கையில் அதற்குள் மேஷோவின் கடிதம் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் மீட்டிங். ஆளுக்கொரு படியில் உட்கார்ந்தோம். சான்யால் மேஷோ வில்லன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சுச்சளிக்காரர், இழுப்புக்குப் பம்ப் வைத்திருப்பவர். தணிந்த குரலில் வங்காளத்தில் சொன்னார்.

"மாதங்கி, நான் அந்தப் பெண்ணுக்கு எதிரி இல்லை. ஆனால் என் வீட்டில் என்னால் மூச்சு விட முடியவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி அவளுக்கும் அது நல்லதா?"

"மேஷோ, ஜன்னலைத் திறந்து வச்சு வறுக்கிறோம்" என்றாள் கவிதா.

"திறந்தால் நேராக என் படுக்கையறைக்கு வருகிறது, மா."

முடிவு இதுதான். வீட்டுக்குள் மிளகாய் வறுக்கக்கூடாது. புரட்டாசி முதல் வாரத்தில் கமிட்டி வந்து அடுப்படியைப் பார்க்கும். நெடி இல்லையென்று திருப்தியானால் வீட்டுத்தொழிலுக்குச் சம்மதம் என்று தலைவர் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் தொழிலை நிறுத்த வேண்டும். தலைவர் யார்? சான்யால் மேஷோவேதான். இதை மினிட் புத்தகத்தில் என் கையால் எழுதினேன். எழுதும்போது கவிதா என்னைப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு மாதம் அந்த வீடு பட்ட பாடு. மிளகாயை வறுக்காமல் வெயிலில் காய வைத்து அரைக்கலாம் என்றாள் நீலாவதி அம்மாள்.

"எங்க ஊர்ல வத்தலை யாரு வறுக்கா? மொட்டை மாடில ரெண்டு நாளு போட்டா மொறுமொறுன்னு ஆயிரும்லா."

"அத்தே, உங்க ஊர்ல வெயில் இருக்கு."

"இங்க மட்டும் என்ன, ஒரு நாளு கூடவா அடிக்காது?"

ஒரு நாளும் அடிக்கவில்லை. பத்து மணிக்கு லேசாக வெளுக்கும், முறத்தைத் தூக்கிக்கொண்டு மருதமுத்து மாடி ஏறுவார், பரப்பி நிமிரும்போது தூறல். நான்காம் நாள் வற்றலில் பூஞ்சை பூத்தது. நீலாவதி அம்மாள் வானத்தைப் பார்த்து, "சவத்து மழை" என்று திட்டிவிட்டு இறங்கிவந்தாள்.

வழி கண்டது கவிதாவின் நாக்கு. ஆறாம் மாதத்தில் அவளுக்குப் பேகுனி ஆசை வந்துவிட்டது. பேகுனி என்றால் கத்தரிக்காய் பஜ்ஜி. சந்து முனையில் ஹாருதா, அதாவது ஹாரு அண்ணன், போடுவார், கடலை எண்ணெயில். ஒரு நாள் காலை பத்து மணிக்கே ஆசை வந்து போய் நின்றிருக்கிறாள். கடை திறந்திருந்தது, அடுப்பு சில்லென்று கிடந்தது. ஹாருதா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு வா, மா. இப்ப அடுப்பே பத்த வைக்கல."

கவிதா பஜ்ஜியை மறந்துவிட்டாள். கடைக்குப் பின்சுவர் கிடையாது, பின்னால் குளம். மேலே தகரத்தில் ஆளுயரப் புகைபோக்கி.

"ஹாருதா, காலையில இந்த அடுப்பு சும்மாத்தான் இருக்கா?"

"சும்மாத்தான். ஏன்?"

"எனக்குக் குடுங்க. மிளகா வறுக்கணும். வாடகை தரேன்."

ஹாருதா உரித்த கிழங்கோடு அவளையும் அவள் வயிற்றையும் பார்த்திருக்கிறார். "வாடகை வேண்டாம். அந்த முரிப் பொடி கொஞ்சம் குடு. மேக்னா டீச்சர் தினம் என் கடையில நின்னு அதைப் பத்தியே பேசறாங்க."

மறுநாளிலிருந்து ஹாருதா கடையில் நடந்ததைச் சந்தே நின்று வேடிக்கை பார்த்தது. நெடி பக்கத்தில் கவிதா நிற்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் பதம் தெரிவது அவள் மூக்குக்கு மட்டும்தான். சந்துக்கு எதிர்ப்பக்கம் ஹோமியோபதி டாக்டரின் வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கண் எரியாத தூரம். மற்றவர்களுக்கு அங்கே ஒரு வாசமும் தெரியாது, அவளுக்குத் தெரியும். அடுப்பில் மருதமுத்து, கண்ணில் மகேஷின் பழைய பைக் கண்ணாடி. இடையில் ரிக்‌ஷாவும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சந்து, கத்தினாலும் கேட்காது.

"மாமா, நான் சொல்றது உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"எதுக்குக் கேக்கணும்? கையக் காட்டு" என்றார் மருதமுத்து. "முப்பது வருசம் கீழ நிக்கிற ஆளு வெரலப் பாத்துத்தான கப்பல்ல சாமான எறக்கினேன். ஒருத்தன் பேசினது எனக்குக் கேட்டதில்ல."

அவரே சொல்லிக் கொடுத்தார். ஒரு விரலைச் சுழற்றினால் கிண்டு. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் தீயைக் குறை. முஷ்டியை மடக்கினால் அப்படியே இறக்கு. ஆபீஸுக்குப் போகிற வழியில் நான் பார்ப்பேன். அவள் முக்காலியில் கண்ணை மூடி மூக்கை உயர்த்திக்கொண்டு விரலைச் சுழற்றுவாள். இவர் சட்டியிலிருந்து பார்வையை எடுத்து அவள் கையிலேயே வைத்திருப்பார். முஷ்டி மடங்கியதோ இல்லையோ, சட்டி அடுப்பை விட்டு இறங்கிவிடும். ஒரு வற்றல் கருகியதில்லை. மாமனாரும் மருமகளும் வீட்டில் பேசிக்கொள்வது ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, அதில் இரண்டு "சாப்ட்டீங்களா" தான். சந்துக்குக் குறுக்கே அவ்வளவு பேசினார்கள்.

புரட்டாசி முதல் ஞாயிறு கமிட்டி வந்தது. மகாளயத்துக்கு ஒன்பது நாள். பத்துக் கிலோ தயார், இன்னும் இரண்டு பாக்கி. மேஷோ, மேஷோவின் மனைவி மாஷிமா, மேக்னா, அவள் மாமியார், நான். ஆக ஐந்து பேர், உச்சி வேளை பன்னிரண்டு மணி. மகேஷ் மீதிக்கு மல்லி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மருதமுத்து ஹாருதா கடையில் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கவிதா நல்ல பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வரவேற்றாள். அடுப்பில் மல்லி மட்டும் வறுபட்டுக்கொண்டிருந்தது. மேஷோ அடுப்படி ஜன்னலைப் பார்த்தார், அலமாரியைத் திறந்து பார்த்தார், எட்டி நின்று மூக்கை உறிஞ்சினார். நாங்கள் எல்லோரும் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை உறிஞ்சினார்.

"இது தனியாவா? இவ்வளவு வாசமாகவா இருக்கும்?"

"உக்காருங்க மேஷோ. முரி சாப்பிட்டுப் போங்க" என்றாள் கவிதா. கடுகெண்ணெய் சீசாவை மேக்னாதான் திறந்தாள். கவிதா மட்டும் பால்கனியில் போய் நின்றுகொண்டாள்.

எல்லோரும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டார்கள். மேஷோ இரண்டாம் கிண்ணம் வாங்கினார். மாஷிமா கவிதாவின் வயிற்றைத் தடவி, என்ன அழகு, முகம் என்ன களை, என்றாள். எட்டாம் மாதம் மாதிரி இருக்கிறதே, இன்னும் ஏழுதானா, என்றாள் மேக்னாவின் மாமியார். இந்த உடம்போடு இவ்வளவு வேலை செய்கிறாளே, நாங்கள் எல்லாம் சும்மா கிடந்தோம், என்றாள் மேக்னா. நீலாவதி அம்மாள் சுவரோரம் நின்று ஒவ்வொரு பேச்சுக்கும் முகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வங்காளம் மீன் மார்க்கெட் அளவுக்குத்தான். ஆனால் பாராட்டு எந்த மொழியில் இருந்தாலும் மாமியாருக்குப் புரியும்.

"என் மூக்குக்கண்ணாடி மேலே இருக்கிறது. மாதங்கி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றார் மேஷோ. கவிதா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். மேஷோவும் மாஷிமாவும் நானும் மூன்றாம் மாடிக்குப் போனோம்.

அதற்குப் பிறகு கீழே நடந்ததைக் கவிதா பின்னால் சொன்னாள். கதவைச் சாத்தியதும் நீலாவதி அம்மாள், "உக்காரு தாயி, கெழக்கப் பாத்து" என்றாளாம்.

"எதுக்கு அத்தே?"

"எதுக்கா? அஞ்சு பேரு, பத்துக் கண்ணு. உச்சி நேரம், ஞாயித்துக்கெழம வேற. எப்படிப் பாத்தாளுவ! இன்னைக்குச் சுத்திப் போடலன்னா எனக்கு ராத்திரி சோறு எறங்காது."

"சரி. சுத்திட்டு வெளிய தெருவுல போட்ருங்க."

"மழ பெய்யுதுல்லா. நீ போயிப் படு, நான் பாத்துக்கிடுதேன்."

கல்லுப்பு ஒரு பிடி, வற்றல் ஏழு. இடமும் வலமும் மூன்று தரம் சுற்றி, கவிதாவை மூன்று முறை துப்பச் சொல்லி, நேராக அடுப்படிக்குப் போய் இருப்புச்சட்டியில் போட்டுத் தீயைக் கூட்டிவிட்டாள்.

கமிட்டி உத்தரவை அவள் மறந்துவிடவில்லை. அவள் கணக்கே வேறு. கண் பட்டிருந்தால் சுட்ட மிளகாய் நெடி அடிக்காது, அடித்தால் கண் இல்லை. இது அவள் அம்மா சொன்னது, அவளும் நூறு தரம் பார்த்தது. இன்றைக்கு விழுந்த கண்ணுக்கு நெடி வர வாய்ப்பே இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யும் அளவுக்கு நம்பினாள். நெடி வராத மிளகாயைச் சுட்டால் மூன்றாம் மாடிக்கு என்ன நஷ்டம்?

மேலே மேஷோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேனாவைத் திறந்தார். எஸ் என்ற எழுத்தைப் போட்டார். ஏ போட்டார். மூன்று சின்ன இருமல். நீள இருமல். "ஹே ஹோரி."

பேனாவோடு அவர் எழுந்தார், மினிட் புத்தகத்தை அள்ளிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். ஒரு கையில் பம்ப், ஒரு கையில் பேனா. படி இறங்கும்போது மேக்னா தும்முகிறாள், அவள் மாமியார் தும்முகிறாள், நானும் தும்முகிறேன். கீழே கதவு விரியத் திறந்திருந்தது. கண்ணீரும் மூக்குமாக நீலாவதி அம்மாள் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒளித்து வைக்கக்கூட இடமில்லை.

"பத்து நிமிஷம் ஆகவில்லை!" மேஷோ பேனாவால் சட்டியைக் காட்டினார். "பத்து நிமிஷம்! நான் இந்த வீட்டு முரியைத் தின்ற கை இன்னும் காயவில்லை. என்னை முட்டாளாக்கினீர்களா?"

கவிதா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அத்தே, என்ன பண்ணீங்க? எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஒரு மாசம் மாமா அந்த அடுப்புல வெந்தாரே, எல்லாம் போச்சு." வேலை போனபோதுகூட அழாதவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

நீலாவதி அம்மாள் சட்டியைத் தரையில் வைத்தாள். முப்பது வருஷமாக அவள் மேஷோவைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள், ஒரு சொல் பேசியதில்லை. இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாதங்கி, நீ சொல்லு அவர்ட்ட. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் கெடையாது. வியாவாரத்துக்கு வறுக்கல. கண்ணு கழிச்சேன். நீங்க எல்லாரும் அவளப் பாத்தீகளே, அதுக்கு. நெடி வராதுன்னு நெனச்சேன். வந்துட்டு. அம்புட்டுத்தான். என்ன வேணும்னா சொல்லட்டும், அவள ஒண்ணும் சொல்லவேண்டாம்."

இதை எப்படி மொழிபெயர்ப்பது? கொஞ்சம் பூசி மெழுகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பொய் சொன்னால் எனக்கு விக்கல் வரும், தும்மலோடு விக்கலும் தாங்காது. உள்ளது உள்ளபடி சொன்னேன்.

மேஷோ முகம் சிவந்தது. "என் கண்ணா? நான் போய் அந்தப் பெண் மேல் கண் போடுவேனா? எழுபத்திரண்டு வயதில்?"

அப்போது அவரை ஒதுக்கிக்கொண்டு மாஷிமா உள்ளே வந்தாள். "நொஜோரா? நொஜோர் கழித்தாளா?" கண்ணேறுக்கு அவர்கள் பாஷையில் நொஜோர். நேராகச் சட்டியிடம் குனிந்தாள். "எத்தனை மிளகாய்? ஏழா? நாங்கள் கடுகும் சேர்ப்போம். வலது கையா சுற்றினாள்? கேள், மாதங்கி, கேள்!"

கேட்டேன். வலது கைதான்.

"பிறகு நெடி வந்ததா?"

"மாஷிமா, நாங்க தும்மறது தெரியலையா?" என்றேன்.

மாஷிமா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். "எங்கள் அம்மா வீட்டிலும் இதே கணக்குதான். நெடி வந்தால் நொஜோர் இல்லை. நீ ஏன் கத்துகிறாய்? உன் கண் சுத்தம் என்று வந்துவிட்டது. எங்கள் எல்லோர் கண்ணும் சுத்தம்."

"நான் இருமிச் சாகிறேன்!"

"இருமு. அதுதான் சாட்சி."

மேஷோ இருமினார். வேறு வழியில்லை, வந்தது. இருமி முடித்து, "ஹே ஹோரி" சொல்லி, நீலாவதி அம்மாளைப் பார்த்து என்னிடம் கேட்டார். "நான் இருமாமல் இருந்திருந்தால்?"

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். நீலாவதி அம்மாள் யோசிக்கவே இல்லை. "இருமலன்னா, அவர் கண்ணுதான்னு நெனச்சிருப்பேன். வேற யாரு அலமாரியெல்லாம் தொறந்து பாத்தா?"

நான் சொல்லி முடிப்பதற்குள் மேக்னா சிரித்துவிட்டாள். மாஷிமா சிரித்தாள். கவிதா அழுதுகொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன விஷயம் என்று தெரியாமல் சட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்ற மருதமுத்து, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று லேசாகச் சிரித்து வைத்தார். மேஷோ சிரிக்காமல் என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். சுவரில் வைத்து மீதிக் கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டு என்னை எழுதச் சொன்னார்: தொழிலுக்காக வீட்டுக்குள் மிளகாய் வறுப்பது கூடாது. கண் கழிப்பதற்குத் தடையில்லை. ஆனால் அரைமணி முன்னதாக மூன்றாம் மாடிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

எங்கள் மினிட் புத்தகத்தில் நான் மனமார எழுதிய ஒரே தீர்மானம் அதுதான்.

மகாளயத்துக்கு இரண்டு நாள் முன்பு பன்னிரண்டு கிலோவும் ஆட்டோவில் டாலிகஞ்ச் போயிற்று. கவிதாவும் கூடவே போனாள், யார் சொல்லியும் கேட்கவில்லை. பட்டாபி ஒரு பையைப் பிரித்து மோந்துவிட்டு, சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாராம். மாஸ்டர் பழைய பொடி டப்பாவை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தாராம். "கார்த்திகைக்கும் இதே மாதிரி அனுப்பிடும்மா" என்றார் பட்டாபி. கார்த்திகையில் அவளுக்குப் பிரசவம். "அனுப்பிடறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எப்படியடி அனுப்புவாய் என்று நான் கத்தினேன். "ஐப்பசியிலேயே வறுத்து வச்சிருவோம்க்கா. மாமாவுக்கு இப்ப என் கை கூட வேணாம், பதம் தெரிஞ்சுபோச்சு" என்றாள். அது பொய். அவர் அவள் கையைப் பார்க்காமல் சட்டியை இறக்கமாட்டார்.

கார்த்திகை பத்தாம் தேதி பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நான்காம் நாள் காலை டாக்ஸியில் கூட்டிவந்தார்கள். ஹாருதா கடையை விட்டு எழுந்து வந்தார், மேக்னா சங்கு ஊதினாள், அவள் மாமியார் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். ஆரத்திக்கு முன்பே நீலாவதி அம்மாள், வீட்டுக்குள் வேண்டாம் என்று தானாகவே முடிவு செய்து, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டியில் கங்கு போட்டு வைத்திருந்தாள். மூன்றாம் மாடிக்கு அரைமணி முன்னதாக நானே சொல்லி வந்தேன். ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் மேஷோ என்றேன். அவர் மஃப்ளரைத் தேடிக்கொண்டிருந்தார்.

தாயையும் பிள்ளையையும் சேர்த்துச் சுற்றி, ஏழு வற்றலையும் கங்கில் போட்டாள். மாஷிமா கொடுத்தனுப்பிய கடுகும் போட்டாள். எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

திறந்த வெளி, வடக்கிலிருந்து காற்று, கங்கும் பாதி அவிந்திருந்தது. கடுகு நாலு வெடித்தது, அவ்வளவுதான். நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். மேக்னா மாமியாரைப் பார்த்தாள், மாமியார் ஹாருதாவைப் பார்த்தாள். யார் கண்? நீலாவதி அம்மாள் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் மெல்ல வாடியதைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. கவிதா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, இருந்தும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மேலே ஒரு இருமல் கேட்டது.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். மூன்றாம் மாடி பால்கனியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு சான்யால் மேஷோ நின்றார். பின்னால் ஜன்னல் இரண்டும் விரியத் திறந்திருந்தன. இன்னொரு முறை இருமினார்.

"அப்பாடா" என்றாள் நீலாவதி அம்மாள். முகம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டு. நெடி வந்துட்டு. மேல போயிருக்கு பாரேன்."

அந்த இருமலில் சின்ன இருமல் மூன்றும் இல்லை. நீள இருமலும் இல்லை. முடிவில் ஹோரி இல்லவே இல்லை. அவருடைய இருமலை மூன்று வருஷமாகப் பதிவு செய்கிற செகரட்டரி நான், எனக்குத் தெரியாதா? மேஷோ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நேராக என்னைப் பார்த்தார்.

நானும் இருமினேன். பலமாகவே இருமினேன்.